கண்டி நாட்டின் நெடுநாள் விருந்தினன்

விருந்து என்னும் தமிழ்ச் சொல்லுக்கு முதற்பொருள் புதுமை என்பதாகும். உண்ணும் உணவைக் குறிக்கும் பொருள் பின்னர் வந்தது. முன்னர் அறியாத ஒருவன், இன்று புதியவனாக நம் வாயிலில் வந்து நிற்கின்றானே, அவனே விருந்து. உறவினனைச் சுற்றம் என்றும் கேளிர் என்றும் வேறு பெயர் கொடுத்து அழைத்தனர் நம் முன்னோர். அவ்வாறாயின் ஒரு கேள்வி எழுகின்றது. வந்தவன் போகவில்லை, அல்லது போக விடப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழிந்தது, பத்தாண்டு கழிந்தது, இருபதாண்டும் ஆகப்போகின்றது. அவனிடத்திலே புதுமை என்று சொல்ல இனி எதுவும் இல்லை. அவன் இன்னும் விருந்தினன்தானா? இக்கேள்வியைக் கண்டி இராச்சியத்தின் வரலாற்றிலே ஒரு மனிதனுடைய வாழ்வைக் கொண்டு ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

அம்மனிதனிடம் செல்லுமுன் அவனுக்கு மூன்று நூற்றாண்டு முந்திய வேறொரு பயணியை ஒரு கணம் நினைவுகூர்தல் தகும். 1344ஆம் ஆண்டிலே மொரோக்கோ நாட்டு அறிஞர் இப்னு பதூதா புத்தளத்துக் கரையில் வந்திறங்கினார். அப்போது அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. தமிழ் மன்னராகிய அவருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்று பயணி வியந்து எழுதுகின்றார். மூன்று நாள் விருந்து நடந்தது. முத்துக்களும் பரிசாகக் கிடைத்தன. வேறு என்ன வேண்டும் என்று மன்னர் வினவ, சிவனொளிபாத மலையிலுள்ள திருவடியைக் காண வேண்டும் என்றார் அவர். உடனே பல்லக்கு வந்தது. வழிகாட்டிகளாக நான்கு யோகியர், மூன்று பிராமணர், துணைக்குப் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர். பயணி மலையைக் கண்டார், திரும்பினார், கப்பலேறினார். வருவோரை வரவேற்று, வேண்டியது கொடுத்து, வழியனுப்பி வைத்தல் என்னும் இலக்கணம் வழுவாத விருந்து அது.

நாம் பேசப்போகும் மனிதனுக்குக் கிடைத்த விருந்தில் அந்த மூன்றாம் பகுதி இல்லை. வழியனுப்பி வைக்க ஒருவரும் வரவில்லை.

அவன் பெயர் றொபேட் நொக்ஸ். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆன் என்னும் கப்பலுக்கு அவன் தந்தையே தலைவர். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர். 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் அகப்பட்டுக் கப்பலின் பாய்மரம் பழுதுற்றது. புதிய மரம் வெட்டி நாட்டுவதற்காகத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். வந்தவர்கள் முதலில் அஞ்சி அஞ்சியே கரையில் கால் வைத்தனர். ஆயின் கரையிலிருந்த மக்கள் ஏறத்தாழ இருபது நாள் வரையில் யாதொரு குறையும் வையாது அவர்களை நன்கு நடத்தினர். அச்சம் தெளிந்தது. ஐயம் நீங்கிய அந்த வேளையிலேதான் மன்னனின் திசாவை படையோடு வந்தான். அரசரிடமிருந்து கடிதம் வந்திருக்கின்றது, கப்பல் தலைவர் வந்து பெற்றுக்கொள்க என்று அழைப்பு அனுப்பினான். மூதூரிலே ஒரு புளியமர நிழலில் அமர்ந்திருந்த தலைவரும் பிறரும் பிடிபட்டனர். 1660 ஏப்பிரல் 4ஆம் நாள் அது. பதினாறு பேர் மலைநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இளைய நொக்ஸுக்கு அப்போது வயது 19.

இருபது நாள் உபசாரத்தைப் பொறியாக்கியது அறமன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் மனநிலையையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். போர்த்துக்கேயரை நாட்டைவிட்டு ஓட்டுவதற்காக ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்து 1638ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்தவன் அவனே. 1656இல் கொழும்புக் கோட்டை விழுந்தது. அதனை ஒல்லாந்தர் மன்னனிடம் ஒப்படைத்தனரா? இல்லை, தாமே வைத்துக்கொண்டனர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியதுபோல் என்று சிங்களத்திலே வழங்கும் பழமொழியை இந்நிகழ்ச்சியோடு சேர்த்துச் சொல்வார்கள். அழைத்த விருந்தாளி வீட்டைப் பறித்துக்கொண்டான் என்றால், அழையாமல் வந்து நிற்கும் கப்பற்காரனை எப்படி நோக்குவது? இராசசிங்கன் கண்ட விடை விசித்திரமானது. வெள்ளையரைக் கொல்லவுமில்லை, போகவிடவுமில்லை. தன் நாட்டிலே சேர்த்து வைத்தான். ஒல்லாந்தத் தூதர்களும் அகப்பட்டனர். 1672இல் பிரெஞ்சுத் தூதராக வந்த லனரோல் என்பவரும் அகப்பட்டார். மலைகளே மதில், கணவாய்களிலே முள்வாயில், உள்ளே உண்ண உணவு உண்டு, நடமாடவும் ஓரளவு உரிமை உண்டு. இது சிறைதானா, விருந்துதானா என்று நொக்ஸுக்கே பல நேரங்களில் விளங்கவில்லை போலும்.

மலைநாட்டை நோக்கி நடத்திச் செல்லும் வழியிலே உணவு இலையிலே வந்தது. இலை தரையிலே வைக்கப்பட்டது. மேசையும் கரண்டியும் பழகிய கப்பற்காரர் தரையில் அமர்ந்து கையால் உண்ணத் தடுமாறினர். ஊரார் கூடி நின்று அந்த வேடிக்கையை மகிழ்வோடு பார்த்தனர். பார்வை பார்ப்பதிலே யார் யாரைக் காட்சிப்பொருளாக்கினர் என்பது சுவையான செய்தி. பிற்காலத்தில் நம் மக்களின் வழக்கங்களை ஐரோப்பாவுக்குக் காட்டிய முதல் ஆங்கில நூலை எழுதியவன், முதலில் நம் மக்களின் கண்முன் தானே காட்சியாகி நின்றிருக்கின்றான்.

பின்னர் அவர்களை ஊர் ஊராகப் பிரித்தனர். ஒவ்வொருவனுக்கும் ஓர் ஊர்ப்பகுதி சோறிட வேண்டும் என்பது அரசகட்டளை. வேளைக்குச் சோறும் கறியும் வந்தன. வேலை செய்யுமாறு ஒருவரும் பணிக்கவில்லை. கேட்பதற்கு இது இனிமையாக இருக்கின்றது. ஆனால் அந்தச் சோறு அரசனின் களஞ்சியத்திலிருந்து வந்ததன்று. ஏழை உழவனின் பானையிலிருந்து வந்தது. ஏற்கெனவே இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தைச் சுமந்த குடிகளின் தோளிலே இதுவும் ஏறியது. விருந்தளித்த பெருமை மன்னனுக்கு, அரிசி குடிகளுக்கு. வரலாற்று நூல்கள் மன்னர்களின் கொடையைப் பாடும்போதெல்லாம் இந்தக் கணக்கைச் சற்றுப் பார்க்க வேண்டும் என்று என் மாணவருக்கு நான் சொல்வதுண்டு.

தந்தையும் மகனும் ஏழு கோறளையிலே பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் தங்கவைக்கப்பட்டனர். குளிர்காய்ச்சல் இருவரையும் வாட்டியது. 1661 பெப்ரவரி மாதத்திலே தந்தை இறந்தார். மகன் எழுந்து நிற்கவும் வலியற்றவன். கூட இருந்தவன் கறுப்பினச் சிறுவன் ஒருவன் மட்டுமே. அடக்கம் செய்ய உதவி வேண்டும் என்று அயலாரிடம் சொல்லியனுப்பினான். அவர்கள் மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தனர். உடலின் கழுத்தில் அதனைக் கட்டிக் காட்டுக்குள் இழுத்துச் செல்லலாம், வேறு உதவி வேண்டுமாயின் கூலி வேண்டும் என்றனர். நாள்தோறும் சோறிட்ட கைகள்தாம் அவை. பசித்தவனுக்கு உணவிடத் தடையில்லை. பிணத்தைத் தொடத் தீட்டும் சாதியும் தடை. மகன் கையில் சிறிது பணம் இருந்தது; கூலி கொடுத்துத் தந்தையை மண்ணுக்குள் வைத்தான். பழைய விருந்தோம்பலைப் போற்றும் நாம் அதன் எல்லை எங்கே இருந்தது என்பதையும் மறைக்கலாகாது.

ஆயினும் நொக்ஸ் நன்றியுள்ள பார்வையாளன். கண்டி நாட்டு இல்லங்களில் அவன் கண்டெழுதிய ஒரு வழக்கம் என் நெஞ்சை விட்டு அகல்வதில்லை. ஒவ்வொரு வேளையும் உலையிலிட அரிசி அளந்தவுடன், வீட்டுப்பெண் அதிலிருந்து ஒரு கையளவை எடுத்து வேறு பையிலே போட்டு வைப்பாள். அதற்கு மிட்டி ஹால் என்று பெயர். இரந்து வருவோர்க்கு அந்த அரிசி. நம்மவர் பிடியரிசி என்கின்றோமே, அதுவேதான். பெயரும் சொல்லுக்குச் சொல் அதுவே. மன்னனின் ஆணை எட்டாத இடத்திலே, ஒருவரும் கட்டளையிடாமல் நாள்தோறும் நிகழ்ந்த விருந்து இது. கொடுத்தது சிங்களவர்க்கு மட்டுமன்று. கண்டியிலிருந்த முஸ்லிம்களின் பள்ளிவாசலுக்காக ஒவ்வொரு நிலவுடைமைக் குடியும் ஒரு பணம் கொடுக்க வேண்டும் என்று முன்னைய மன்னர் ஒருவர் விதித்திருந்ததையும், அந்தப் பணம் வீடுவீடாகத் திரட்டப்பட்டதையும் அவன் குறித்திருக்கின்றான்.

உண்ணும் முறையையும் கூர்ந்து பார்த்திருக்கின்றான். பெரியோர்க்குப் பித்தளைத் தட்டம், எளியோர்க்கு இலை. உண்ணும்போது பேச்சில்லை. நீர் பருகும்போது மூக்குள்ள கெண்டியை உயரத் தூக்கி வாயிலே ஊற்றிக்கொள்வர். உதடு பாத்திரத்தில் படாது. கணவன் உண்டெழுந்த பின்னரே மனைவி உண்பாள். இந்த இறுதி வழக்கம் நம் வீடுகளிலும் நீண்டகாலம் இருந்தது. அது பெருமை பேசுதற்குரியதன்று. இருக்கை கொடுப்பதிலும் வேற்றுமை உண்டு. முக்காலியில் அமர எல்லோர்க்கும் உரிமையில்லை. தகுதி பார்த்தே இருக்கை, ஏனையோர்க்குப் பாய். வந்தவன் யார் என்று வாய்திறந்து கேட்கும் முன்னரே அவன் எங்கே அமர்கின்றான் என்பது அதனைச் சொல்லிவிடும்.

வீட்டுக்கு வந்தவன் வந்த காரணத்தை எளிதிற் சொல்லமாட்டான் என்றும் நொக்ஸ் எழுதுகின்றான். என்ன காரியமாக வந்தீர் என்று கேட்டால் நிகம் ஆவா, அதாவது சும்மா வந்தேன் என்பதே விடை. காரியம் இருக்கும், ஆனால் முதற்சொல் அதுவே. இதைப் பற்றி அந்நாட்டார் தம்மைத் தாமே எள்ளிச் சொல்லிக்கொண்ட ஒரு கதையையும் தருகின்றான். கடவுள் ஒருநாள் மண்ணுலகுக்கு வந்து, வேண்டியதைக் கேளுங்கள் என்றாராம். விலங்குகள் வந்தன. ஒன்று வலிமை கேட்டது, ஒன்று கால் கேட்டது, ஒன்று சிறகு கேட்டது; எல்லாம் கிடைத்தன. வெள்ளையர் வந்தனர், அழகும் வீரமும் செல்வமும் கேட்டுப் பெற்றுக்கொண்டனர். இறுதியிலே சிங்களவர் வந்தனர். எதற்காக வந்தீர் என்று கடவுள் கேட்க, வழக்கம்போலச் சும்மா வந்தோம் என்றனராம். அப்படியாயின் சும்மாவே போங்கள் என்று அனுப்பிவிட்டாராம் கடவுள்!

நேயர்களே, நான் வாழும் பன்வில, கண்டி நகரிலிருந்து வத்தேகம வழியாகத் தும்பறை மலைகளை நோக்கிச் செல்லும் பாதையில் உள்ளது. சுற்றிலும் சிங்கள ஊர்கள். மேலே தேயிலைத் தோட்டங்கள், லயங்களிலே தமிழ்க் குடும்பங்கள். பாடசாலை அலுவலறைக்கு ஒரு பெற்றார் வருகின்றார் என்று வையுங்கள். என்ன விசயம் ஐயா என்று கேட்டால், சும்மாதான் சேர் வந்தேன் என்பார். பிள்ளையின் சான்றிதழ் வேண்டும் என்பது தேநீர் முடிந்து, மழையைப் பற்றிப் பேசி, எழுந்து வாயில்வரை போன பின்னரே வெளிவரும். பக்கத்து ஊர்ச் சிங்கள அன்பரும் நிகம் ஆவா என்றே தொடங்குவார். இரு மொழிகளிலும் ஒரே நாணம், ஒரே நயம். கேட்டவுடன் கேட்பதைக் கொடுத்துவிடுவோம் என்று விருந்தளிப்பவன் நினைக்கலாம். ஆனால் வந்தவன் முதலில் மனிதனாக வந்திருக்கின்றான், தேவைக்காரனாக வரவில்லை என்று காட்டிக்கொள்ள விரும்புகின்றான். நொக்ஸ் இதனை வேடிக்கையாக எடுத்துக்கொண்டான். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

காலப்போக்கிலே நொக்ஸ் விருந்தினன் நிலையிலிருந்து நழுவத் தொடங்கினான். சமைத்த சோற்றுக்குப் பதிலாக அரிசியும் பிறவுமாகப் பெற்றுத் தானே சமைத்தான். தொப்பி பின்னக் கற்று விற்றான். பன்றியும் கோழியும் வளர்த்தான். நெல்லைக் கடன் கொடுத்து, நூற்றுக்கு ஐம்பது வட்டியாக நெல்லே பெற்றான். பிடியரிசி வைத்த நாட்டிலே இந்த வட்டியும் வழக்கமாயிருந்தது என்பதை என்னென்பது! ஒருநாள் அவனுடைய சிறுவன் ஒரு முதியவரிடம் ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருக்கக் கண்டான். கொழும்பைப் போர்த்துக்கேயர் இழந்த காலத்தில் அம்முதியவர் கைக்கு வந்த விவிலிய நூல் அது. பல ஆண்டுகளாகத் தன் வேதத்தைக் காணாதிருந்த நொக்ஸ் எதையும் கொடுக்கத் துடித்தான். முடிவில் அவன் பின்னிய தொப்பி ஒன்றே அதற்கு விலையாயிற்று. பின்னர் உடுநுவரையிலே எலதெத்தை என்னும் ஊரில் 25 லாரின் கொடுத்து நிலம் வாங்கி வீடும் கட்டினான். லாரின் என்பது கொக்கிபோல் வளைந்த வெள்ளிக் கம்பி நாணயம். நிலம் வாங்கியவனை, வரி கேட்கப்படுபவனை, அயலாருக்கு நெல்லுக் கடன் கொடுத்தவனை ஊரார் விருந்தாளி என்று எண்ணியிருப்பார்களா? அவர்களுக்கு அவன் அயல்வீட்டுக்காரன். மன்னனுக்கு மட்டுமே அவன் இறுதிவரை விருந்தினன். அதாவது, அனுமதியின்றிப் போகக்கூடாதவன்.

உடன்வந்த ஆங்கிலேயர் பலர் உள்நாட்டுப் பெண்களை மணந்து ஊன்றிவிட்டனர். தூதராக வந்து திரும்பாத லனரோலின் பெயர் இன்றும் இலங்கைக் குடும்பங்களிலே வழங்குகின்றது. இப்படி வந்தவர் இருப்பவராகுதல் இந்த மலைகளுக்குப் புதிதன்று. ஆனால் எல்லோர்க்கும் அது எளிதாக வாய்க்கவில்லை. 1820களிலிருந்து தமிழகத்தின் ஊர்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த மக்களை எண்ணிப் பாருங்கள். நான்கு தலைமுறை இந்த மண்ணிலே பிறந்து இறந்த பின்னரும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை வந்தவர்களாகவே கணக்கிட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003இலேதான் வந்தது. நொக்ஸ் போக விரும்பினான்; நாடு விடவில்லை. இவர்களுள் பலர் இருக்க விரும்பினர். நாடு போகச் சொன்னது. இரண்டிலும், வந்தவனின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.

நொக்ஸ் தப்பியது எப்படி என்பதையும் சொல்லவேண்டும். அவனும் ஸ்டீபன் ரட்லண்ட் என்னும் தோழனும் சிறு பண்டங்களைச் சுமந்து விற்கும் வணிகராக வடக்கு ஊர்களுக்குப் போய்வரத் தொடங்கினர். தொப்பி, சீப்பு, கத்தி போன்றவை அவர்கள் சரக்கு. பண்டம் கொண்டுவந்த வழிப்போக்கனுக்கு எந்த ஊரிலும் திண்ணை உண்டு. அந்தத் திண்ணைகளிலே அமர்ந்து, பேச்சோடு பேச்சாக வழிகளையும் ஆறுகளையும் காவல்களையும் அறிந்துகொண்டனர். மன்னனின் விருந்திலிருந்து வெளியேறும் வழியைக் குடிகளின் விருந்தே காட்டிக் கொடுத்தது. பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1679 செப்ரெம்பர் 22ஆம் நாள் எலதெத்தையை விட்டுப் புறப்பட்டனர். மான் வற்றல் வாங்கப் போகின்றோம் என்பது வழியிலே சொன்ன காரணம். பத்தொன்பது ஆண்டு வாழ்ந்தும், சும்மா வந்தோம் என்று சொல்ல முடியாத நிலை!

அனுராதபுரத்தை அடைந்தபோது ஓர் எதிர்பாராத இடர். அங்கிருந்தோர் கண்டி மன்னனின் குடிகளே. ஆனால் தமிழ் பேசுவோர். சிங்களத்திலே நொக்ஸ் பேசுகின்றான்; அவர்களுக்கு விளங்கவில்லை. இரு சாராரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றனர். பின்னர் சிங்களம் அறிந்த ஒருவர் வந்தார். கண்டியிலிருந்து வருகின்றோம் என்றபோது அவர்கள் நம்பவில்லை. மன்னாரிலிருக்கும் ஒல்லாந்தரிடமிருந்து வந்தவர்கள் என்றே எண்ணித் தலைவனிடம் கொண்டு சென்றனர். தலைவனும் மொழிபெயர்ப்பாளன் வாயிலாகவே வினவினான். வெள்ளை முகமும் சிங்கள நாவும் கொண்ட இருவர், சிங்களம் அறியாத தமிழ்த் தலைவன்முன் நிற்கும் அந்தக் காட்சியிலே பழைய இலங்கை முழுவதும் இருக்கின்றது. ஐயம் தீர்ந்ததும் அவர்களைத் தடுத்து வைக்கவில்லை. அவ்வூரிலேயே சில நாள் தங்கி வழிக்கு வேண்டிய உணவைத் தேடிக்கொண்டு, காட்டு வழியாக அருவியாற்றங்கரையைப் பற்றிக்கொண்டு நடந்தனர். ஒக்டோபர் 18ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். பிடிபட்ட நாளிலிருந்து பத்தொன்பது ஆண்டும் ஆறரை மாதமும் ஆகியிருந்தன.

நொக்ஸ் எழுதிய இலங்கை வரலாற்று நூல் 1681இலே இலண்டனில் வெளிவந்தது; அறிஞர் றொபேட் ஹூக் முன்னுரை வழங்கினார். தனித்தீவு வாழ்க்கையைப் பாடிய டானியல் டீபோ, 1720இல் வெளியிட்ட கப்ரன் சிங்கிள்ற்றன் என்னும் கதையிலே நொக்ஸின் வரலாற்றைச் சுருக்கிச் சேர்த்திருக்கின்றார். றொபின்சன் குருசோவுக்கும் நொக்ஸே மூலம் என்று சொல்வோர் உளர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. குருசோவுக்கு ஊர் இல்லை. நொக்ஸுக்கு எப்போதும் ஊர் இருந்தது.

விருந்துண்டவன் எல்லாம் விருந்தின் பண்பைக் கற்றுக்கொண்டு விடுவதில்லை என்பதற்கும் அவனே சான்று. மீண்டும் கம்பெனியின் கப்பல் தலைவனான நொக்ஸ் மடகஸ்காரிலே அடிமைகளை விலைக்கு வாங்கச் சென்றான். மண்ணிலிருந்து பறிக்கப்படுவது என்ன என்று இருபதாண்டு அறிந்தவன் அதனைச் செய்தான்.

அவன் மணம் செய்துகொள்ளவில்லை, 1720இலே இறந்தான். எலதெத்தையிலே வாழ்ந்த காலத்தில், ஆங்கிலத் தோழன் ஒருவனுக்கும் உள்நாட்டுப் பெண்ணுக்கும் பிறந்த லூசியா என்னும் சிறுமியைத் தன் வீட்டிலே வளர்த்து வந்தான். இங்கிலாந்து சென்ற பின்னர், மலைநாட்டிலேயே தங்கிவிட்ட பழைய தோழர்களுக்கு எழுதியபோது, எலதெத்தையிலுள்ள தன் வீடும் நிலமும் லூசியாவுக்கே உரியவை என்று அறிவித்தான்.